எட்டாவது குழி

அத்தியாயம் 14

போன வாரம் மேவிஸ் வீட்டுக்குப் பின்னால் ஐந்து குழிகள் இருந்தன. இந்த வியாழக்கிழமை காலையில் எண்ணிப் பார்த்தால் ஏழு.

ஏழிலுமாகச் சேர்த்துக் கிடைத்தவை: நிறைய மண்புழு, ஒரு பழைய சோடா பாட்டில், மேவிஸின் காலஞ்சென்ற கணவர் கிளிஃப்டன் தொலைத்துவிட்டு ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட ஒரு ஸ்பேனர். செப்டிக் டேங்க் மட்டும் கிடைக்கவில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மேவிஸின் மகள் ரோஷெல் டவுனில் ஒரு சலூனில் நாற்காலியை வாடகைக்கு எடுத்துப் பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்கிறாள். அந்தக் கட்டிடம் கைமாறிவிட்டது. அடுத்த சனிக்கிழமையோடு கடை மூடல். கவலையில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த மகளிடம், வீட்டோடு ஒட்டிய கார் ஷெட்டைக் கைகாட்டி, எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டாள் மேவிஸ். மூன்று பக்கம் சுவர் எழுப்பி, தண்ணீர் இழுத்து, இரண்டு நாற்காலி போட்டால் ரோஷெல்லுக்குச் சொந்தக் கடை. குறுக்கே நிற்பது ஹாலோவே கவுண்டி என்கிற எங்கள் மாவட்டத்து அரசாங்கம் ஒன்றுதான்.

அந்த அரசாங்கத்தைத் திட்ட எனக்கு உரிமை உண்டு. என் தலை பத்து வருடமாக ரோஷெல்லின் கையில் இருக்கிறது. அவளுக்குக் கடை இல்லையென்றால் எனக்குக் கதியில்லை. ஆனால் தினமும் பத்துப் பன்னிரண்டு தலைகள் கழுவுகிற தண்ணீர் எங்கே போகும், வீட்டு செப்டிக் டேங்க் அதைத் தாங்குமா என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது, என்ன செய்ய.

காலை எட்டு மணிக்கு பெர்மிட் ஆபீஸ் கதவு திறந்தபோது முதல் ஆளாக ரோஷெல் நின்றாள். கவுண்ட்டருக்குப் பின்னால் மிஸ் டெலோரிஸ், கழுத்தில் சங்கிலி போட்ட மூக்குக்கண்ணாடியோடு. இருபத்தெட்டு வருடமாக அதே நாற்காலி, அதே பச்சை மார்க்கர்.

“டேங்க் கெடைச்சுதா?” என்றாள் மிஸ் டெலோரிஸ், வணக்கத்துக்குப் பதிலாக.

இல்லை என்று தலையாட்டினாள் ரோஷெல். பழைய ஃபைலில் ஒரு வரைபடமாவது இருக்குமே என்று இன்னொரு தடவை கெஞ்சிப் பார்த்தாள். அந்த வருடத்து ஃபைல்கள் எல்லாம் நிலவறையில் இருந்தன, வெள்ளம் வந்தபோது கூழாகிவிட்டன என்பதை மிஸ் டெலோரிஸ் இன்னொரு தடவை சொன்னாள்.

பிறகு ரோஷெல்லின் விண்ணப்பத்தை எடுத்து ஒரு தேதியின் மேல் பச்சை மார்க்கரால் கோடு போட்டாள். வீட்டில் கடை வைத்துக்கொள்ளலாம் என்று கொடுத்த அனுமதி தொண்ணூறு நாள்தான் செல்லும். நாளை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு முடிகிறது. அதற்குள் சுகாதாரப் பிரிவு கையெழுத்துப் போட்டால்தான் கட்டிட பெர்மிட். கட்டிட பெர்மிட் வந்தால்தான் பிளம்பரும் எலெக்ட்ரீஷியனும் அவரவர் பெர்மிட்டை வாங்கிக்கொண்டு உள்ளே கால் வைக்க முடியும். தவறினால் மறுபடி நோட்டீஸ், மறுபடி அக்கம்பக்கத்தார் விசாரணை, எப்படியும் இரண்டு மாதம்.

இரண்டு மாதத்தில் தலைமுடி வளராமல் நிற்குமா. வாடிக்கைக்காரிகள் வேறு நாற்காலி பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள்.

“சுகாதாரப் பிரிவு டக்கர் இன்னிக்கு ஒரு மணிக்கு வர்றாரு. டேங்கைத் தொறந்து வச்சிருந்தா பாப்பாரு. இல்லேன்னா வண்டியத் திருப்பிட்டுப் போயிடுவாரு” என்றாள் மிஸ் டெலோரிஸ். கண்ணாடியைக் கழற்றினாள். “அதைத் தோண்டிப் பொதைச்சவங்கள்ல யாராவது உசுரோட இருக்காங்களா?”

“பொதைச்சது ரெண்டு பேரு. ஒருத்தர் எங்கப்பா, அவருதான் போயிட்டாரே.”

“இன்னொருத்தர்?”

ரோஷெல் கவுண்ட்டரில் கிடந்த பேனாவை உருட்டினாள்.

“உங்கப்பா அடக்க ஆராதனைக்கு நானும் வந்திருந்தேன் கண்ணு. எனக்குத் தெரியும்” என்றாள் மிஸ் டெலோரிஸ். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

காரில் ஏறியதும் ரோஷெல் தன் நோட்டைத் திறந்து நாளைய வேலைகளைப் பார்த்தாள். எட்டு மணிக்கு பாஸ்டரின் மனைவி. ஒன்பது மணிக்கு எதிரில் பெயர் இல்லை, ஒரு நட்சத்திரம் மட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்த நட்சத்திரம் வரும். யார் என்று அப்போது எனக்குத் தெரியாது. கேட்டாலும் சொல்ல மாட்டாள். ரோஷெல்லின் நாற்காலியில் பேசியது அங்கேயே பெருக்கித் தள்ளப்பட்டுவிடும். அதனால்தான் எல்லாரும் அவளைத் தேடிப் போகிறோம்.

வீட்டுக்கு வந்தால், மேவிஸ் மண்வெட்டியோடு எட்டாவது இடத்தை முறைத்துக்கொண்டு நின்றாள். அறுபத்து மூன்று வயது. முப்பது வருடம் ஸ்கூல் பஸ் ஓட்டியவள். ஒரு சாலையை எடுத்தால் அது தப்பான சாலை என்று தெரிந்தபிறகும் திருப்ப மாட்டாள்.

“இந்த ரோஜாப் புதர்கிட்டதான். உங்கப்பா இங்கதான் நின்னு சிகரெட் பிடிப்பாரு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

“ஏழு குழிக்கும் இதையேதான சொன்ன.”

வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு வாசலில், மஞ்சள் நிறத்தில் ஒரு பள்ளம் தோண்டும் எந்திரம் நின்றது. ஒரு வாரமாக அங்கேயேதான் நிற்கிறது. அதன் சொந்தக்காரர் தன் பழைய டிரக்கின் பின்பக்கத்தில் உட்கார்ந்து, கோலா பாட்டிலுக்குள் வேர்க்கடலையைக் கொட்டிக் குடித்தபடி, அண்ணி கையால் தோண்டுவதை ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். லெமுவேல் ஸ்பைட். கிளிஃப்டனின் தம்பி. ரோஷெல்லின் சித்தப்பா.

பதினோரு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. காரணம் ஒரு புத்தகம்.

கிளிஃப்டனின் அடக்கத்துக்கு அச்சடித்த எட்டுப் பக்கப் புத்தகம். முதல் பக்கத்தில் கோட்டும் டையும் போட்ட படம், உள்ளே பாட்டுகள், கடைசிப் பக்கத்தில் அவர் விட்டுச்சென்ற உறவுகளின் பட்டியல். எங்கள் ஊரில் எல்லாரும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவார்கள். யார் பெயர் எந்த வரியில் என்று பார்த்துவிட்டுத்தான் அழவே தொடங்குவார்கள். பால்டிமோரிலிருந்து வந்த அக்கா பெயர் இருந்தது. நுவார்க்கிலிருந்து வந்த தங்கை பெயர் இருந்தது. அந்த அக்காவின் பேரப்பிள்ளைகள் மூன்று பேர் பெயரும் இருந்தது. பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் தாங்கிய சொந்தத் தம்பியின் பெயர் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேவிஸ் சபை முன்னால் எழுந்து, அது அச்சுக்கடைக்காரன் செய்த தவறு என்று சொன்னாள். லெமுவேல் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு வேலியில் இருந்த இடைவெளியில் கொடி படர்ந்துவிட்டது. ஆறு வருடத்துக்கு முன்பு அவர் மனைவி யோலாண்டா பெட்டியோடு கிளம்பிப் போனபோதுகூட மேவிஸ் போய் விசாரிக்கவில்லை. அம்மா பார்க்காத நேரத்தில் காரிலிருந்து சித்தப்பாவுக்குக் கையசைப்பது மட்டும் ரோஷெல்லின் வழக்கம்.

“அம்மா, மணி பதினொண்ணு. போய்க் கேப்போம்.”

“நான் அந்த வாசல்ல கால் வைக்க மாட்டேன்.”

“அது அச்சுக்கடைக்காரன் பண்ண தப்பு. நீ ஏன் இத்தனை வருஷமா அதைச் சுமக்கிற? அவர்கிட்ட நேரா ஒரு தடவை சொல்லிடு, முடிஞ்சுது.”

மேவிஸ் மண்வெட்டியைப் புல்லில் போட்டாள். மகளின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். குழாய்ச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. வெளியே வந்தபோது சர்ச்சுக்குப் போடும் செருப்புப் போட்டிருந்தாள். கையில், நேற்று சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு பை என்கிற இனிப்புப் பலகாரம், அலுமினியத் தாள் மூடி.

வேலி வழியாகப் போனால் இருபது அடி. மேவிஸ் சாலைக்கு இறங்கி, முறையாக, அந்நியர்கள் வருவதுபோல் முன்வாசல் வழியாகப் போனாள். பின்னாலேயே ரோஷெல்.

லெமுவேல் எழுந்து நின்றார். அந்த மரியாதை மட்டும் போகவில்லை.

“மிஸஸ் ஸ்பைட்” என்றார்.

பலகாரத் தட்டை மேவிஸ் நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. டிரக்கின் பானட்டைக் காட்டினார். அங்கே வைத்தாள்.

“ஏழு எண்ணினேன்” என்றார் லெமுவேல்.

“ஏழுதான்.”

“எட்டாவது எங்கன்னு கேக்க வந்திருக்கீங்க.”

இதற்கு மேல் அம்மாவை நம்பினால் ஒரு மணி ஆகிவிடும் என்று ரோஷெல்லுக்குத் தோன்றியது. அவளே ஆரம்பித்தாள். நாளை ஐந்து மணிக் கணக்கைச் சொன்னாள். டக்கர் வரப்போவதைச் சொன்னாள். சொன்ன வேகத்தில், “சித்தப்பா, அந்த அச்சுக்கடைக்காரன் பண்ணின தப்புக்கு எங்கம்மா என்ன பண்ணுவாங்க?” என்றும் சொல்லிவிட்டாள்.

லெமுவேல் டிரக்கின் முன்கதவைத் திறந்தார். வெயில் மறைப்புப் பலகைக்குப் பின்னாலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து, பிரித்து, பானட்டின் மேல் பலகாரத் தட்டின் பக்கத்தில் வைத்தார். கோடு போட்ட மஞ்சள் தாள். அதில் மேவிஸின் கையெழுத்து. மனைவி, மகள், அக்கா, தங்கை, அக்காவின் பேரப்பிள்ளைகள் மூன்று. அவ்வளவுதான்.

“அடக்கம் முடிஞ்ச மறுநாளே அந்தக் கடைக்குப் போயிட்டேன். சண்டை போடத்தான் போனேன். அந்த ஆளு பாவம், வாயத் தொறக்காம இதை எடுத்துக் கையில குடுத்துட்டான்.”

ரோஷெல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மேவிஸ் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பேரு விட்டுப்போனதுக்கு நான் கோவப்படல. அந்த நிலைமையில உங்க பேரே உங்களுக்கு மறந்திருக்கும். ஆனா ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நின்னு, பழிய அந்த ஆளு தலையில போட்டீங்க. நான் ரெண்டாவது வரிசையில உக்காந்திருக்கேன். இந்தத் தாளு என் சட்டைப் பையில இருக்கு.”

ஒரு சோயாபீன்ஸ் லாரி சாலையில் கடந்து போனது.

“நான்தான் விட்டேன்” என்றாள் மேவிஸ்.

“அது எனக்குத் தெரியும்.”

“இரு, சொல்லி முடிக்கிறேன். சமையலறை மேஜையில உக்காந்து எழுதிட்டிருந்தேன். யாரு யாரு தூரத்துல இருந்து வர்றாங்கன்னு யோசிச்சு யோசிச்சு எழுதினேன். நீ அடுப்புக்கிட்ட நின்னு எனக்குக் காப்பி போட்டுட்டிருந்த. வீட்டுக்குள்ள நிக்கிறவனை யாருய்யா லிஸ்ட்ல எழுதுவா? எனக்குத் தோணவே இல்ல, லெமுவேல்.” மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். “அப்புறம் அச்சாகி வந்ததும் வெக்கமாப் போச்சு. வெக்கத்துல ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யச் சொன்ன வெக்கத்துல இத்தனை வருஷம் போச்சு.”

லெமுவேல் வயல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் காப்பி அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிறகு அலுமினியத் தாளின் ஒரு மூலையைத் தூக்கி, பலகாரத்தின் ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டார்.

“ஜாதிக்காய் கூடுதலா இருக்கு” என்றார்.

“எப்பவும் அதத்தான சொல்லுவ.”

“எப்பவும் கூடுதலாத்தான இருக்கும், அண்ணி.”

டிரக்கிலிருந்து ஒரு நீண்ட இரும்புக் கம்பியை உருவினார். சாலைப் பக்கம் திரும்பவில்லை. நேராக வேலிக்குப் போய், கொடியை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் நுழைந்தார். சர்ச் செருப்போடு மேவிஸும் அதே வழியில் நுழைந்தாள்.

ரோஜாப் புதரை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. ஏழு குழிகளையும் சுற்றிக்கொண்டு, துணி காயப்போடும் கம்பத்துக்குப் போனார். அதிலிருந்து இரண்டு எட்டு வைத்து, கம்பியை மண்ணில் இறக்கினார். ஒரு முழம் போனதும் டங்கென்று நின்றது.

“மறந்துடக் கூடாதுன்னுதானே கம்பத்தையே இங்க நட்டோம். அண்ணன் உங்ககிட்ட சொல்லலையா?”

முப்பத்தேழு வருடமாக மேவிஸ் அந்த டேங்கின் தலைமேல் நின்றுதான் துணி உலர்த்தியிருக்கிறாள். கிளிஃப்டன் சொல்லியிருப்பார். அவள்தான் காதில் வாங்கியிருக்க மாட்டாள் என்பது என் கட்சி.

எட்டாவது குழியை மஞ்சள் எந்திரம் பத்து நிமிடத்தில் தோண்டி முடித்தது. சுகாதாரப் பிரிவு டக்கர் வந்தபோது மணி ஒன்றேகால். மூடி திறந்திருந்தது, லெமுவேல் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார், மேவிஸ் எல்லாருக்கும் இனிப்புத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். டக்கர் குழிகளை எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இருந்தார். நல்ல மனுஷன்.

டேப் பிடித்து அளந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். அந்தக் காலத்து ஆட்கள் போட்டதிலேயே இவ்வளவு உறுதியான டேங்கைப் பார்த்ததில்லை என்றார். இரண்டு நாற்காலிக்குத் தாராளமாகத் தாங்கும். ரோஷெல் அன்றைக்கு முதல் தடவையாக நிம்மதியாக உட்கார்ந்தாள்.

டக்கர் ஒரு படிவத்தை மேவிஸிடம் கொடுத்தார். பழைய வரைபடம் இல்லாத வீடுகளுக்கு அப்படி ஒன்று உண்டு. அதில் ஒரு வரி: அமைத்தவர் பெயர்.

மேவிஸ் பேனாவை வாங்கி, டிரக் பானட்டில் கிடந்த மஞ்சள் தாளைக் கொண்டுவரச் சொன்னாள். அதைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, படிவத்தில் லெமுவேல் ரூஸ்வெல்ட் ஸ்பைட் என்று முழுசாக, எழுத்து எழுத்தாக எழுதினாள். அதற்குக் கீழேதான் கிளிஃப்டன். பிறகு எழுதியதை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

லெமுவேல் குனிந்து அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

“கவுண்டி ஃபைல்லயே போகுதா இது?” என்று டக்கரிடம் கேட்டார்.

“எப்பவும் அங்கதான் இருக்கும், சார்.”

“அப்ப சரி” என்றார் லெமுவேல். டேங்கிலிருந்து தண்ணீர் வடியும் குழாய்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று காட்டுகிறேன் என்று சொல்லி விடுவிடுவென்று முன்னால் நடந்தார்.

மூன்று குழாய்கள். இரண்டு கார் ஷெட்டுக்குப் பின்னால் நேராக ஓடின. மூன்றாவதை அவர் கம்பியால் குத்திக்கொண்டே போனார், வேலியருகே போனார், கொடியை விலக்கி அந்தப் பக்கமும் போனார். தன் தக்காளிப் பாத்தி நடுவில் போய்த்தான் நின்றார்.

டக்கரின் பேனா நின்றுவிட்டது.

“இது உங்க நிலமாச்சே.”

“அப்ப வேலி ஏதுங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே வீடு மாதிரித்தான்.”

டக்கர் தொப்பியைச் சரிசெய்தார். வருத்தத்தோடுதான் சொன்னார். அடுத்தவர் நிலத்தில் குழாய் போனால், நிலத்துக்காரர் சம்மதம் எழுதி, பத்திரப்பதிவு ஆபீசில் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண் இல்லாமல் அவரால் கையெழுத்துப் போட முடியாது. நாளை ஐந்து மணிக்குள் கொண்டுவந்தால் போதும், அவரே ஆபீசில் காத்திருப்பார்.

“அவ்வளவுதானா?” லெமுவேல் சிரித்தே விட்டார். “என் கையெழுத்துதானே. இப்பவே வண்டிய எடுக்கிறேன்.”

டக்கர் தன் போனில் கவுண்டியின் நில வரைபடத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தார்.

“நிலம் ரெண்டு பேர் பேர்ல இருக்கு சார். லெமுவேல் ஸ்பைட், யோலாண்டா ஸ்பைட். ரெண்டு கையெழுத்தும் வேணும்.”

லெமுவேலின் சிரிப்பு அடங்கியது. தக்காளிப் பாத்தியைப் பார்த்தபடி நின்றார். அந்தப் பாத்தி போட்டவளே யோலாண்டாதான்.

“அவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது. போனப்போ விலாசம் குடுக்கல. நானும் கேக்கல.” கம்பியை மண்ணில் ஊன்றினார். “கேட்டிருக்கணும்.”

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக மேவிஸ் அவர் தோளில் கை வைத்தாள். தேடுவோம் என்றாள். சபையில் கேட்போம், அவளுடைய அக்கா ராலேயில் இருந்தாளே, அவளைப் பிடிப்போம் என்றாள்.

லெமுவேல் ரோஷெல் பக்கம் திரும்பினார்.

“உன் கடைக்கு ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் வர்றாங்களே. யாராவது ஏதாவது பேசிக் கேட்டிருக்கியா, குட்டி? நல்லா இருக்காளான்னு தெரிஞ்சாக்கூடப் போதும்.”

ரோஷெல்லின் தோள்பையில் அந்த நோட்டு இருந்தது. நாளை காலை ஒன்பது மணி. மூன்று வருடமாக, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பின்கதவு வழியாக வந்து உட்காரும் நட்சத்திரம். முதல் நாளே கழுத்தில் துணியைக் கட்டும்போது கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டது: நான் இங்கே வருவது உன் சித்தப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாது.

“இல்ல சித்தப்பா. எனக்குத் தெரியாது” என்றாள் ரோஷெல்.

லெமுவேல் தலையாட்டிவிட்டுக் கம்பியை மண்ணிலிருந்து பிடுங்கினார். மேவிஸ் மட்டும் மகளின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு பொய்யோடு பதினோரு வருடம் குடித்தனம் நடத்தியவள் அவள். இன்னொன்று எதிரே வந்து நின்றால் அடையாளம் தெரியாமல் போகுமா?